முன்னங்கால் சூடு

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். என் மகளுக்குப் பதினாறு வயது. பெங்களூரில் தங்கிக் குதிரையேற்றம் படிக்கிறாள். போன மாதம் ஈவென்டிங் போட்டி, ஒரே குதிரையோடு மூன்று சுற்று. முதல் நாள் டிரஸாஜில், அதாவது குதிரையின் நடையையும் அசைவையும் காட்டும் சுற்றில், இரண்டாம் இடம். மறுநாள் கிராஸ் கன்ட்ரியில், திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் சுற்றில், ஒரு தடையில்கூடக் குதிரை நிற்கவில்லை. கடைசி நாள் காலை, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, குதிரை இடது முன்னங்காலைத் தாங்கி வைக்கிறது என்று சொல்லி இவளே விலகிவிட்டாள். நடத்திப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒரு சுற்றுதானே, தாண்டியிருந்தால் மெடல்" என்கிறார் சேலத்தில் இருக்கும் என் மச்சான். இரண்டு வருட உழைப்பு ஒரே காலையில் போய்விட்டது. அவசரப்பட்டுவிட்டாளோ? இந்த விளையாட்டே நமக்கு வேண்டாமோ?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் அவசரப்படவில்லை. கடிதத்தைப் படித்ததும் அவளை நேரில் பார்க்க வேண்டும்போல இருந்தது.

எழுபதுகளில் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு ஜட்கா வண்டிக்காரர் இருந்தார். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். ராத்திரி வண்டியை அவிழ்த்ததும் உடனே கொள்ளு வைக்கமாட்டார். குதிரைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகக் கயிறுபோல ஓடும் நரம்பை இரண்டு விரலால் பிடித்து, குளம்புவரை மெதுவாக இறக்குவார். நாலு காலுக்கும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால் ஈரச்சாக்கைச் சுற்றுவார். மறுநாள் வண்டி ஜங்ஷனுக்குப் போகாது. வண்டி போகாவிட்டால் அந்த வீட்டில் அரைச் சாப்பாடுதான், தெருவுக்கே தெரியும். ஒருமுறை என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். எனக்கு இரண்டு காலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. உங்களுக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும். தினமும் தொடுகிற கைக்குத்தான் அது தெரியும்.

மச்சானுக்கு இந்த விளையாட்டின் கணக்கைச் சொல்லுங்கள். இதில் யாரும் மார்க் சம்பாதிப்பதில்லை. டிரஸாஜில் விழும் குறையே முதல் எண். கிராஸ் கன்ட்ரியில் குறித்த நேரம் தாண்டினால் நொடிக்கு 0.4, குதிரை ஒரு தடையில் முதல்முறை மறுத்தால் 20, கடைசியாகக் கட்டைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங்கில் ஒரு கட்டை விழுந்தால் 4. எண் ஏறுமே தவிர ஒருநாளும் இறங்காது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெங்களூர்ப் பையன் ஃபவாத் மிர்ஸா 28.00 எடுத்து டிரஸாஜ் முடிவில் ஒன்பதாவது. கிராஸ் கன்ட்ரியில் நேரக் குறை 11.20 சேர்ந்ததும் 22-ஆம் இடம். ஷோ ஜம்பிங்கின் முதல் சுற்றில் 8 சேர்ந்து 25-ஆம் இடம். அதன் இறுதிச் சுற்றில் இன்னும் 12.40. மொத்தம் 59.60, இடம் 23. குறை கூடியும் இடம் முன்னேறியது எப்படி என்றால், மற்றவர்களுக்கு இன்னும் கூடியிருந்தது. டோக்கியோவில் ஏறிய அதே செனியர் மெடிகாட் குதிரையில்தான் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தனிநபர் வெள்ளி வாங்கினார். 1982-க்குப் பிறகு ஆசியப் போட்டிக் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு வந்த முதல் தனிநபர் பதக்கம் அது.

அதே டோக்கியோவில் தங்கம் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கிக்கு. ஒலிம்பிக் ஈவென்டிங்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண். உங்கள் மகளுக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதற்கு முந்தைய கதை. அவர் நம்பியிருந்த குதிரைக்கு அந்த வருடம்தான் ஒரு கண்ணை எடுக்கவேண்டி வந்தது. அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அனுபவம் குறைந்த ஒரு பெட்டைக் குதிரையோடு போனார். அதுதான் ஜெயித்தது.

அங்கேயே ஸ்விட்சர்லாந்தின் ஜெட் செட் என்ற குதிரை, கிராஸ் கன்ட்ரி முடியும் தறுவாயில் கால் தசைநார் அறுந்து நின்றது. சரிசெய்ய முடியாத காயம். அன்றே கருணைக்கொலை செய்தார்கள். அதை ஓட்டியவருக்கு முன்கூட்டி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் மகளுக்கோ முன்கூட்டியே தெரிந்தது. தெரிந்தும் ஓட்டியிருந்தால்? கிராஸ் கன்ட்ரி ஓடிக் களைத்த காலை வைத்துத்தான் மறுநாள் தாண்ட வேண்டும். அதனால்தான் கடைசிச் சுற்றுக்கு முன் டாக்டர் பரிசோதனையையே விதியில் வைத்திருக்கிறார்கள்.

பணம் வேறு விஷயம். தீவனம், லாடம், லாய வாடகை, லாரி எல்லாம் தோட்ட வருமானத்தில் எவ்வளவு இடிக்கும் என்று எனக்குப் புரிகிறது. முடியவில்லை என்றால் அதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வாள். ஆனால் தோற்றதற்காக நிறுத்துகிறோம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவிடாதீர்கள். அவள் தோற்கவில்லை. இரண்டு வருடத்தில் அவள் கை என்ன கற்றுக்கொண்டது என்பதை அந்த ஒரு காலையில்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

அந்தக் குதிரையின் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மகளிடம் கேட்டு எழுதுங்கள். ஸ்கேன் எடுத்தார்களா, எத்தனை வாரம் ஓய்வு என்றும் கேளுங்கள்.

அன்புடன்.