சாக் ஹார்பர் பிரஸ்பிட்டேரியன் தேவாலயம் ஏன் எகிப்துக் கோயில் மாதிரி இருக்கிறது? அதன் கோபுரம் என்ன ஆயிற்று?

கோபுரத்தை 1938 புயல் கொண்டுபோய்விட்டது. எகிப்து வடிவத்துக்குக் காரணம் திமிங்கல எண்ணெயில் வந்த காசும் அந்தக் காலத்து மோகமும்.

நியூயார்க் மாநிலத்தில், லாங் தீவின் கிழக்குக் கோடியில், மன்ஹாட்டனிலிருந்து சுமார் 160 கி.மீ. தள்ளி இருக்கும் சின்னத் துறைமுக ஊர் சாக் ஹார்பர். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவான பிரஸ்பிட்டேரியன் சபை 1766இல் இங்கே கட்டிய முதல் தேவாலயத்துக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் ‘கடவுளின் பழைய களஞ்சியம்’. அதிலிருந்தே அதன் லட்சணம் தெரிந்துவிடும். 1840களில் திமிங்கல வேட்டை உச்சத்துக்குப் போய் ஊரில் பணம் புரண்டபோதுதான், 1844இல் இப்போதைய கட்டடம் எழுந்தது. கட்டடக் கலைஞர் மினார்ட் லஃபீவர் வடிவமைத்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. தச்சர்களுக்கான மாதிரிப் படப் புத்தகங்கள் போட்டுப் பேர் வாங்கியவர் அவர்.

நெப்போலியன் 1798இல் எகிப்துக்குப் படையெடுத்த பிறகு மேற்கில் எகிப்துப் பித்து பரவியது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் கல்லறைத் தோட்ட வாயில், சிறைச்சாலை என்றுதான் போனது. தேவாலயத்துக்கு அதை எடுத்தவர்கள் குறைவு. நாஷ்வில் நகரத்தில் வில்லியம் ஸ்டிரிக்லண்ட் கட்டியது இன்னொன்று, அதுவும் பிரஸ்பிட்டேரியன்தான்.

முகப்பை எதிரில் நின்று பாருங்கள். மேலே போகப் போகக் குறுகும் சாய்ந்த சுவர்கள், நடுவில் உயர்ந்த ஒன்று, இரு பக்கமும் தாழ்ந்தவை. எகிப்தில் இந்தச் சாய்வு மண்கட்டிச் சுவர் சரியாமல் நிற்கப் பிறந்தது. இங்கே மொத்தமும் மரம், சாய்வுக்கு வேலையே இல்லை, வெறும் தோற்றம்தான். அந்தத் தோற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. செங்குத்துச் சுவரில் மழைநீர் வழிந்து இறங்கிவிடும், மேலே இறவாணம் இருந்தால் பாதி நனையவே நனையாது. சாய்ந்த பலகைச் சுவர் மழையை நேராக வாங்கும். உப்புக்காற்று வேறு. முதலில் பலகை மூட்டுகளிலும் அறுத்த முனைகளிலும் பெயின்ட் உரியும், பிறகு அந்த இடத்திலேயே உளுப்பு தொடங்கும். மழையே பார்க்காத ஊரின் வடிவத்தை மழை ஊரில் மரத்தில் செய்தால் பராமரிப்புச் செலவுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

சுவர் உச்சியில் வரிசையாக நிற்கும் பல் போன்ற மர வடிவங்களைத் தவறவிடாதீர்கள். அவை திமிங்கலக் கொழுப்பை அறுக்கும் மண்வெட்டியின் உருவம். நீண்ட கைப்பிடி, தட்டையான அலகு, முனையில் உளிபோல் கூர்மை: கப்பலோடு சேர்த்துக் கட்டிய திமிங்கலத்தின் கொழுப்பைப் பட்டை பட்டையாக உரிக்க அதுதான் கருவி. எகிப்து, தேவாலயம், கசாப்பு மூன்றும் ஒரே சுவரில். ரசனை கொஞ்சம் வினோதம்தான், ஆனால் ஊருக்குச் சோறு போட்ட தொழிலை மறைக்கவில்லை.

உள்ளே போனால் எகிப்து காணாமல் போய் கிரேக்க பாணி தொடங்கிவிடும். அமைப்பு மட்டும் பிரஸ்பிட்டேரியன் சபைக்கே உரியது: பிரசங்கம்தான் ஆராதனையின் மையம், அதனால் எல்லார் பார்வையும் பிரசங்க மேடைமீது விழும்படி இருக்கைகளையும் மேல்மாடத்தையும் வைத்திருக்கிறார்கள். இருக்கைகள் சிறு கதவு போட்ட அடைப்புகள். குளிர்நாட்டில் காலடிக் காற்றைத் தடுக்க இது உதவும்.

இனி கோபுரம். உயரம் சுமார் 185 அடி, மரம்தான். அடுக்கின்மேல் அடுக்காகச் சிறுத்துக்கொண்டே போனதால் மாலுமியின் மடக்குத் தொலைநோக்கியை இழுத்து நிறுத்தியது போல இருந்தது என்பார்கள். 1938 செப்டம்பர் 21 பிற்பகலில் அடித்த பெரும்புயல் அதை முறித்துத் தள்ளியது. இத்தகைய மரக் கோபுரங்கள் பொதுவாக எங்கே தோற்கும் என்றால், உச்சியில் அல்ல, கூரையோடு சேரும் அடியில். துளையும் கழுந்துமாகக் கோத்த பழைய தச்சு இணைப்பு மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு பக்கத் தூண்கள் மேல்நோக்கி இழுபடும். அந்த இழுவைக்கு எதிரே இருப்பது மர ஆணியும் கோபுரத்தின் சொந்த எடையும் மட்டுமே. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அடியில் மழை இறங்காமல் மூட்டை மூடிய உலோகத் தகடு விலகி நீர் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதன் பிறகு கோபுரம் எழவில்லை. கட்டும் காலத்திலேயே ஊரின் நல்ல காலம் முடியும் தறுவாயில் இருந்தது: 1845 தீ விபத்து, 1849இல் கலிபோர்னியத் தங்கம் தேடி ஓடிய ஆட்கள், விளக்கெரிக்கத் திமிங்கல எண்ணெய்க்குப் பதிலாக 1859க்குப் பின் வந்த பெட்ரோலிய எண்ணெய். 1871இல் கடைசி வேட்டைக் கப்பல் கிளம்பியது. பெரிய கட்டடமும் சிறுத்த ஊரும்தான் மிச்சம். 1994இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

மறுபடி கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது மேலே என்ன வைப்பது என்பதல்ல. புதுக் கோபுரத்தின் இழுவையை இரும்புக் கம்பிகள் வழியாக அஸ்திவாரம் வரை இறக்க, கீழே இருக்கும் 1844 தூண்களும் உத்திரங்களும் இடம் கொடுக்குமா என்பதுதான்.