உளவியல் ஆய்வேடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: முதன்முறையாக இளநிலை உளவியல் இறுதியாண்டு மாணவிகள் ஆறு பேருக்கு நெறியாளராக இருக்கிறேன். ஆறு பேரும் ‘செல்போன் பயன்பாடும் தன்மதிப்பும்’ போன்ற தலைப்போடு வருகிறார்கள். கூகுள் படிவம் அனுப்பினால் 200 பேர் கிடைத்துவிடுவார்கள் என்கிறார்கள். என்ன சொல்வது?
– விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: செல்போனால் தன்மதிப்பு குறைகிறதா, தன்மதிப்பு குறைந்தவர்கள் செல்போனில் மூழ்குகிறார்களா? இதை அவர்களிடம் கேளுங்கள். ஒரே முறை நிரப்பும் படிவத்தால் இதற்கு விடை சொல்ல முடியாது. பிறகு, மேசையில் வைத்துச் செய்துபார்க்கும்படி ஏதாவது கொடுங்கள்.

நான் ஸ்ட்ரூப் சோதனையில்தான் தொடங்குவேன். ‘சிவப்பு’ என்று பச்சை மையில் எழுதியிருக்கும். சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட ஆய்வில் 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்லச் சுமார் 63 விநாடிகள் ஆயின. முரணான சொற்கள் என்றால் சுமார் 110. என் மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். “எனக்குத் தமிழ் எழுத்து அதிகம் குறுக்கிடுமா, ஆங்கில எழுத்தா?” என்று கேட்டாள். அவளுடைய ஆய்வுக் கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது.

ஸ்கெட்ச் பேனாவால் அவளே அட்டைகள் எழுதினாள். முதல் நாளே சிக்கல். நீல மையைப் பார்த்துப் பாதிப் பேர் ‘ஊதா’ என்றார்கள். நம் வீடுகளில் நீலத்தை ஊதா என்பது வழக்கம்தானே! அதைப் பிழையாக எண்ணுவதா, கூடாதா? எந்தப் பாடநூலிலும் இதற்கு விடை இல்லை. இரண்டு நாள் யோசித்து நீலத்தை எடுத்துவிட்டுக் கறுப்பை வைத்தாள். நேரம் குறிக்கும் முன் ஒவ்வொருவரையும் நிறங்களின் பெயரைச் சொல்லவைத்தாள். பாதிப் பேருக்குத் தமிழ் அட்டையையும் மீதிப் பேருக்கு ஆங்கில அட்டையையும் முதலில் கொடுத்தாள்; இல்லாவிட்டால் பழக்கத்தால் வந்த வேகம் மொழியின் கணக்கில் ஏறிவிடும். அந்த இரண்டு நாளில் அவள் கற்றதை நான் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தியும் கற்பித்திருக்க முடியாது. உங்கள் மாணவிகளையும் அப்படித் திணற விடுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஆஷ் செய்த கோடு சோதனையை விடுதியில் தோழிகளை வைத்துச் செய்யலாமா?
– மாணவி, திருச்சி

பதில்: ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு எது என்று கேட்பதுதான் உளவியலாளர் ஆஷின் சோதனை. உடனிருப்பவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தவறான கோட்டைக் காட்ட, ஆஷின் பங்கேற்பாளர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அவர்களோடு ஒத்துப்போனார்கள். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் ஏமாற்றப்போகிறவள் தினமும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். முடிந்ததும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் விரும்பினால் அவளுடைய தரவை நீக்க வேண்டும். இந்த மூன்றும் இயலாது என்றால் வேண்டாம்.

கேள்வி: குழுவுக்கு 20 பேர் வைத்துச் செய்தேன். பி மதிப்பு 0.08 வந்தது. இன்னும் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்துக்கொண்டே போனால் 0.05க்குக் கீழே வந்துவிடும் என்கிறார் ஒரு சீனியர். சேர்க்கலாமா?
– மாணவி, கோவை

பதில்: சேர்க்காதீர்கள், அம்மா. பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இந்த அளவுக்கோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு; அது 0.05க்குக் கீழே இருந்தால்தான் ‘குறிப்பிடத்தக்க முடிவு’ என்பது வழக்கம். முடிவைப் பார்ப்பது, ஆள் சேர்ப்பது, மறுபடி பார்ப்பது என்று போனால், இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தெரியும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கூடும். நம் துறை இதில் பட்ட அடி சிறிதல்ல. வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 குறிப்பிடத்தக்க முடிவு காட்டியிருந்தன. மறுமுறை சுமார் 36 விழுக்காடுதான் தேறின. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

0.08 என்றே எழுதுங்கள். நடுத்தர அளவிலான வேறுபாட்டை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். உங்களிடம் இருந்தது 20. ஆகவே வேறுபாடு இல்லை என்றும் நீங்கள் சொல்லிவிட முடியாது. வாய்மொழித் தேர்வில் கேட்டால் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள்.