தங்கவயலில் எதைப் பார்ப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவோடு கோலார் தங்கவயலுக்குப் போய் வந்தேன். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பெரியம்மா அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ‘குட்டி இங்கிலாந்து’ என்று கேள்விப்பட்டிருந்ததால் பங்களா, கிளப், தேவாலயம் என்று தேடித் தேடிப் படம் எடுத்தேன். பெரியப்பாவுக்கு அதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்குப் போனதும் அங்கேயே நின்றுவிட்டார். எனக்கோ இடிந்த சுவரும் முட்புதரும்தான் கண்ணில் பட்டன. அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,

பெரியப்பா சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார்.

‘குட்டி இங்கிலாந்து’ என்ற பெயர் எனக்குப் பிடிக்காது. பங்களாவில் இருந்த சில குடும்பங்களுக்கு அது இங்கிலாந்தாக இருந்திருக்கும். ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி 1880-ல் அங்கே கால் வைத்த பிறகு, பாறையை உடைக்க வந்தவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தலித் மக்கள். ஊரில் நிலமும் கிடையாது, மரியாதையும் கிடையாது என்றுதான் கிளம்பி வந்தார்கள். வந்த இடத்தில் மூங்கில் தட்டி வைத்து அடைத்த வீடு கிடைத்தது. நீங்கள் பார்த்த லைன்கள் அந்த வாழ்க்கையின் தொடர்ச்சி.

பெங்களூருக்கு முன்பே தங்கவயலுக்குக் கரண்ட் வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 150 கிலோமீட்டர் கம்பி வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்தது சுரங்கத்து இயந்திரங்களை ஓட்டுவதற்காக.

பெரியப்பா வேலை பார்த்த சாம்பியன் ரீஃப், உலகின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்று. 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பித்தான் வேலை நடக்கும். வெப்பத்தைவிடப் பயங்கரம் ராக் பர்ஸ்ட். மேலே இருக்கும் மலையளவு பாரத்தைத் தாங்கி இறுகி நிற்கும் பாறை, பக்கத்தில் தோண்டி வெற்றிடம் விட்டதும் ஒருநாள் திடீரென்று வெடித்துச் சிதறும். பெரிதாக வெடித்தால் மேலே வீடுகளும் அதிரும். கேஜில், அதாவது சுரங்கத்துக் கூண்டு லிஃப்டில், இறங்கிப் போனவர் திரும்பி வருவாரா என்று வாசலில் நின்று காத்திருந்தவை இந்த லைன் வீடுகள். உயிரோடு திரும்பியவர்களிலும் எத்தனையோ பேருக்குப் பாறைத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம். சாதியை எதிர்த்து எழுதிய தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் ஆழமாக வேரூன்றிய இடங்களில் தங்கவயல் ஒன்று. அங்கே மாரிக்குப்பத்தில், அவர் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. 1914-ல் அவர் காலமான பிறகு, அவருடைய ‘தமிழன்’ பத்திரிகையை 1920-களில் மறுபடி நடத்தியதும், அவர் எழுத்துகளைப் புத்தகமாக அச்சிட்டுக் காப்பாற்றியதும் தங்கவயல்காரர்கள்தான். பகல் முழுக்கப் பூமிக்கடியில் வேலை பார்த்தவர்கள் கூலிக் காசைப் போட்டுச் செய்த காரியம் அது. நம் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்க வேண்டாமா? சுரங்கத்தைப் பற்றி யார் பேசினாலும் தங்கத்தின் எடையைச் சொல்வார்கள். இதைச் சொல்வதில்லை.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் விடியலில் ரயில் பிடித்து உங்கள் பெங்களூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். நீங்கள் தினமும் கடந்து போகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

மறுபடி போங்கள். இந்த முறை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரியப்பாவிடம் எந்த ஷாஃப்டில் இறங்கினார், எந்த ஷிஃப்ட், கூட வேலை செய்தவர்கள் எந்தெந்த ஊர் என்று கேளுங்கள். பெரியம்மாவிடம் தண்ணீர் எங்கே பிடித்தார்கள், ராத்திரி ஷிஃப்டுக்கு ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் எப்படி இருந்தார்கள், விபத்து என்றால் சேதி எப்படி வந்து சேரும் என்று கேளுங்கள். இரண்டு பேர் பேசுவதையும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதி அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன்.