கிராங்க்கை அளக்காமல் புது எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: அக்கரைப்பேட்டையில் மர விசைப்படகு வைத்திருக்கிறோம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், ஏற்கெனவே ஒருமுறை பிரித்துக் கட்டியது. போன மாதம் கரைக்கு வரும் வழியில் சூடு ஏறி, டிரைவர் கவனிப்பதற்குள் இறுகி நின்றுவிட்டது. வேறு படகில் கட்டி இழுத்து வந்தோம். முழு வேலை பார்க்க மெக்கானிக் கேட்கும் தொகை புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. மச்சான் புதுசு போடு என்கிறார், அப்பா பழசையே கட்டு என்கிறார், இன்னொருவர் லாரி எஞ்சின் ஒன்று மலிவாக இருக்கிறது என்கிறார். தடைக்காலம் வேறு நெருங்குகிறது. எது சரி?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடிதத்தில் தொகை இருக்கிறது, மச்சான் சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னதும் இருக்கிறது. எஞ்சின் ஏன் சூடேறியது என்பதை மட்டும் காணோம். அதைக் கண்டுபிடிக்காமல் நீங்கள் புதுசையே இறக்கினாலும், அதே கடல் தண்ணீர் குழாயும் அதே அடைப்பும் அதே இடத்தில் காத்துக்கொண்டுதான் இருக்கும், அடுத்த சீசனில் புது எஞ்சினையும் சுட்டுவிடும்.

முதலில் கடல் தண்ணீர் பம்பைக் கழற்றுங்கள். உள்ளே ரப்பர் இம்பெல்லர் இருக்கும். அடியில் தண்ணீர் எடுக்கும் வாயை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டால் பம்ப் வெறுமனே சுற்றும், ரப்பர் காய்ந்து இறக்கைகள் ஒவ்வொன்றாக ஒடியும். எத்தனை இறக்கை ஒடிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நாலு ஒடிந்திருந்தால் நாலு துண்டும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும், ஏனென்றால் அவை காணாமல் போவதில்லை, தண்ணீரோடு போய், கடல் தண்ணீரால் எஞ்சின் தண்ணீரைக் குளிரவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் சொருகிக்கொள்கின்றன. பல இடங்களில் இம்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள், துண்டுகள் உள்ளேயே இருக்கும், படகு மறுபடி சூடாகும், அப்புறம் எஞ்சினைக் குறை சொல்வோம். இம்பெல்லர் நன்றாக இருந்தால் குழாயில் உப்பும் துருவும் படிந்திருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, பெல்ட் தளர்ந்ததா என்று பாருங்கள். சூடு காட்டும் மீட்டர் வேலை செய்ததா என்பதையும் டிரைவரிடம் அதட்டாமல் கேளுங்கள். அதட்டிக் கேட்டால் "வேலை செஞ்சுது" என்றுதான் பதில் வரும்.

அடுத்து, செல்ஃப் போட்டுச் சுற்றிப் பார்க்கும் ஆசை யாருக்கு இருந்தாலும் தடுத்துவிடுங்கள். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு) போயிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும். தண்ணீர் அமுங்காது, செல்ஃப் தள்ளும் தள்ளில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலில் கம்பி போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், அப்படியே நாள்கணக்கில் விட்டால் கிராங்க்கும் (பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பேரிங்கும் துருவேறி, இன்று பிழைக்கக்கூடிய எஞ்சின் அடுத்த வாரம் பிழைக்காது.

சரி, இப்போது மெக்கானிக் சொன்ன தொகை. பிரிக்காமல் சொன்னதா, பிரித்து அளந்து சொன்னதா? பிரிக்காமல் சொன்னதென்றால் அது வெறும் யூகம். பிரித்துப் பார்க்க மட்டும் ஒரு கூலி பேசி, அதன் பிறகு முடிவு எடுங்கள். அந்தக் கூலி வீண் செலவு என்று அப்பா சொல்லக்கூடும். ஆனால் லட்சக்கணக்கில் போடப்போகும் முடிவுக்கு அதுதான் இருப்பதிலேயே சின்னச் செலவு.

பிரித்த பிறகு பிஸ்டன், லைனர், ரிங், பேரிங் எல்லாம் எப்படி இருந்தாலும் கவலைப்படாதீர்கள், அவை எப்படியும் மாற்ற வேண்டிய சாமான்கள். கண் வைக்க வேண்டியது இரண்டே இடம், கிராங்க்கும் பிளாக்கும். கிராங்க்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்குக்குள் சுற்றும் வழவழப்பான பகுதி) மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லி, எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கிரைண்டிங் பொதுவாக 0.25 மி.மீ. படிகளாகப் போகும், 0.25, 0.50, 0.75, 1.00 என்று, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங்கும் கிடைக்கும். உங்கள் எஞ்சின் ஏற்கெனவே ஒருமுறை கட்டியது, அப்போது எத்தனாவது படிக்குப் போனார்கள் என்பதுதான் இப்போது முக்கியம். கடைசிப் படியில் இருந்தால் இனி கிரைண்டிங் கிடையாது, வேறு கிராங்க்தான். ஜர்னல் எங்காவது நீலம் பாரித்திருந்தாலும், விரிசல் சோதனையில் மயிரிழை அளவு கோடு தெரிந்தாலும் அந்தக் கிராங்க் வேண்டாம்.

பிளாக்கில் பார்க்க வேண்டியது, மெயின் பேரிங் உட்காரும் இடத்தில் பேரிங் சுற்றியிருக்கிறதா என்பது. சுற்றியிருந்தால் லைன் போரிங், அதாவது எல்லா பேரிங் இடங்களையும் ஒரே நேர்கோட்டில் கடைவது, செய்ய வேண்டும், அதற்கான மிஷின் எல்லா ஊரிலும் இல்லை. தண்ணீர் ஓடும் பகுதியில் விரிசல் விட்டிருந்தால் வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள், வார்ப்பிரும்பு சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி அடிபட்டுப் பக்கத்திலேயே மறுபடி விடும். ஹெட் விஷயம் அப்படியில்லை. வளைந்திருந்தால் ஃபேஸ் அடித்து மட்டமாக்கலாம், வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருந்தால் ஹெட்டை மட்டும் மாற்றலாம். ஹெட் போனதற்காக எஞ்சினையே தூக்கிப் போடத் தேவையில்லை.

ஆக, கிராங்க்கில் இன்னும் ஒரு படி மிச்சம் இருந்து, பிளாக் சுத்தமாக இருந்தால் நான் அப்பா பக்கம். இரண்டில் ஒன்று போயிருந்தால் மச்சான் பக்கம். இரண்டும் போயிருந்தால் பேச்சே இல்லை.

பாதி விலையைத் தாண்டினால் புதுசு என்று ஒரு கணக்கு எல்லோரும் சொல்வார்கள். லாரிக்கு அது ஓரளவு சரி. படகுக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் புது எஞ்சினின் பில்லில் இருப்பது எஞ்சின் மட்டும்தான். எஞ்சின் ரூம் மேல்தளத்தைப் பிரிக்க வேண்டும், கிரேன் வேண்டும், எஞ்சின் உட்காரும் பெட் மரத்தில் பழைய போல்ட் ஓட்டைகள் புது எஞ்சினுக்குப் பொருந்தாது. எஞ்சினின் சுற்று வேகம் மாறினால் பழைய கியர் பாக்ஸின் விகிதம் ஒத்துவராமல் போகலாம், அது மாறினால் புரொப்பெல்லரின் விட்டமும் பிட்சும் (இறக்கையின் சாய்வு) மாற வேண்டும், சில சமயம் ஷாஃப்ட்டும். புதுசின் விலையோடு இதையெல்லாம் கூட்டி, அந்த மொத்தத்தோடு மெக்கானிக்கின் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, அடிமரம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று மேஸ்திரியிடம் கேட்டீர்களா? மூன்று நான்கு வருஷம் என்று அவர் சொன்னால் புது எஞ்சின் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

லாரி எஞ்சின் பற்றி: லாரியில் முன்னால் ரேடியேட்டர் இருக்கும், ஓடும்போது காற்று அடிக்கும். படகின் எஞ்சின் ரூமில் இரண்டும் இல்லை. தண்ணீர் குளிரூட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடல் தண்ணீர் பம்ப் எல்லாம் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். அதெல்லாம் உங்கள் பழைய எஞ்சினில் இருந்தே எடுத்துப் போடலாம் என்றால், அதுவும் அதே மாடலாக இருந்தால், பிளாக் போன நிலையில் அது ஒரு வழிதான். இல்லையென்றால் மலிவு என்பது வாங்கும் நாளோடு முடிந்துவிடும். எந்த எஞ்சினை மாற்றினாலும் எஞ்சின் நம்பரைப் படகின் பதிவில் மாற்ற வேண்டும், மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழைய எஞ்சினுக்கு ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

தடைக்காலம் உங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் எல்லாப் படகும் கரையில், எல்லா மெக்கானிக்கும் பிஸி, லேத் பட்டறையில் கிராங்க்குகள் வரிசையில் கிடக்கும். எனவே பிரிப்பதையும் அளப்பதையும் இப்போதே முடித்து, சாமான்களை வாங்கி வைத்து, கட்டும் வேலையை மட்டும் தடைக்காலத்துக்கு விடுங்கள். மாற்றிய பழைய சாமான்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். கப்ளிங் அலைன்மென்ட்டை, அதாவது கியர் பாக்ஸும் ஷாஃப்ட்டும் நேராகச் சேர்கிறதா என்பதை, ஃபீலர் கேஜ் வைத்துப் பார்ப்பது படகு தண்ணீரில் மிதக்கும்போது நடக்க வேண்டும், கரையில் ஏற்றியிருக்கும்போது பார்த்தது செல்லாது, மரப்படகின் உடம்பு தண்ணீரில் வேறு மாதிரி உட்காரும்.

கேள்வி: முகத்துவாரத்தில் அலை அடித்து எங்கள் ஃபைபர் வள்ளம் கவிழ்ந்தது. ஆள் சேதம் இல்லை. அவுட்போர்டு எஞ்சினை மறுநாள்தான் எடுத்தோம், எடுத்து நாலு நாளாக வீட்டு முற்றத்தில் இருக்கிறது. சரி செய்யலாமா?
- வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: ஆட்கள் பிழைத்ததே பெரிது. எஞ்சின் விஷயத்தில் கெடுதல் கடலில் கிடந்த ஒரு நாளைவிட முற்றத்தில் கிடந்த நாலு நாளில்தான் அதிகம் நடந்திருக்கும். உப்புத் தண்ணீரும் காற்றும் சேரும்போதுதான் அரிப்பு வேகமெடுக்கிறது. அதனால்தான் உடனே வேலை பார்க்க முடியாதென்றால் எஞ்சினை நல்ல தண்ணீர் தொட்டியில் முழுசாக மூழ்க வைத்திருப்பதே மேல் என்பார்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

கவிழும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று யோசியுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரை உறிஞ்சி ராடு வளைந்திருக்க வாய்ப்புண்டு, கயிறு இழுத்துப் பார்க்காமல் நேராகப் பிரிக்க வேண்டியதுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க்கின் பேரிங்குகள் உருளை வகை, அவற்றில் ஒரு சின்னத் துருப்புள்ளி விழுந்தாலும் கொஞ்ச நாளில் சத்தம் போட ஆரம்பிக்கும். பிளாக் அலுமினியம், வெள்ளைப் பொடி பூத்து மேடு பள்ளமாகியிருந்தால் மேல்பகுதிக்குச் செலவு செய்யாதீர்கள். காயிலும் வயரிலும் பச்சை பூத்திருந்தால் அதுவும் புதுசுதான்.

ஆனால் கீழ்ப்பகுதி, அதாவது கியர் இருக்கும் கால், எப்போதும் தண்ணீருக்குள் இருக்கவே செய்யப்பட்டது. சீல் நன்றாக இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆயில் பிளக்கைத் திறந்து பாருங்கள், ஆயில் வெளுத்திருக்காவிட்டால் கால் நல்ல நிலையில் இருக்கிறது. அப்படியென்றால் பவர் ஹெட், அதாவது மேல்பகுதி எஞ்சினை மட்டும் வாங்கிப் போடலாம், முழு எஞ்சின் தேவையில்லை. கடைக்காரர் இதை அவராகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துத் தகவல் சொல்லிவிடுங்கள். முழுசாகப் புதுசு வாங்கும் முடிவுக்கு வந்தால், மானியம் கிடைக்குமா என்று மீன்வளத்துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள், வாங்கிய பிறகு கேட்டால் பில் தேதி இடிக்கும்.

கேள்வி: எப்படியும் எஞ்சின் மாற்றப்போகிறோம், 120 குதிரைத்திறனுக்குப் பதில் இரண்டு மடங்கு போட்டால் வேகமாகக் கரைக்கு வந்து நல்ல விலைக்கு ஏலம் விடலாமே?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: வராது. தண்ணீரை விலக்கிப் போகும் வகைப் படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு, தண்ணீர்க்கோட்டு நீளத்தை (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) அடிக் கணக்கில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 49 அடி என்றால் சுமார் 9.4 நாட். அதற்கு மேல் போக முயன்றால் படகு தான் எழுப்பும் அலையிலேயே ஏறப் பார்க்கும், டீசல் மட்டும் எரியும். 240 குதிரைத்திறனை முழு லோடில் ஓட்டினால் மணிக்கு 45 லிட்டருக்குக் குறையாது, விசைப்படகுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வரிவிலக்கு டீசல் 19,000 லிட்டர், சுமார் நானூறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டு விதிகளில் 240 குதிரைத்திறன்தான் உச்ச வரம்பு, அதிவேக எஞ்சின் என்று ஆசை காட்டி விற்கப்படும் சிலவற்றின் தகட்டில் ஒரு எண்ணும் உள்ளே வேறு சக்தியும் இருக்கும், பிடிபட்டால் நிற்கப்போவது உங்கள் படகு. 120ஐயே போடுங்கள். மிச்சப் பணத்தில் ஐஸ் பெட்டியைச் சரி செய்தால் ஏல விலைக்கு அதுவே உதவும்.