ஈ.எஸ்.ஆர். இறங்கவில்லை, மாத்திரை வேலை செய்கிறதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நுரையீரலில் காசநோய் என்று மருந்து தொடங்கி இரண்டு மாதம் முடியப்போகிறது. காய்ச்சல் நின்றுவிட்டது, இருமலும் குறைவு. ஆனால் ஹட்டனில் காசு கட்டி இரத்தம் சோதித்துப் பார்த்தால் ஈ.எஸ்.ஆர். 96இலிருந்து 64க்குத்தான் வந்திருக்கிறது. எடையும் 44 கிலோ இருந்தது, இப்போது 45. மருந்தை மாற்றச் சொல்லலாமா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: வேண்டாம் சகோதரி. காய்ச்சல் நின்றதும் இருமல் குறைந்ததும் நல்ல செய்திதான்.

ஈ.எஸ்.ஆர். என்பது இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், உடம்பில் அழற்சி இருந்தால் கூடும். அது மெதுவாகத்தான் இறங்கும், கிருமி அடங்கிய பிறகும் பல வாரம் உயரத்திலேயே நிற்கும். இரத்தசோகை இருந்தாலே அது கூடும், பல்லில் சீழ் வைத்தாலும் கூடும். சி.ஆர்.பி. என்ற இன்னொரு இரத்தச் சோதனையின் அளவு இன்னும் வேகமாக இறங்கும். ஆனால் அதுவும் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், காசநோய் என்று பெயர் சொல்லாது. இந்தச் சோதனைகளுக்குக் கொடுக்கும் காசில் முட்டையும் பருப்பும் வாங்குங்கள். ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இந்த நோய் லேசில் அடங்காது.

எடை விஷயத்தை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். தொடக்கத்திலேயே மெலிந்திருந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதமாவது ஏறாவிட்டால், பின்னாளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வு உண்டு. 44 கிலோவுக்கு அது 2.2 கிலோ. உங்கள் கணவருக்கு ஒன்றுதான் ஏறியிருக்கிறது. அதுவும் சரியான நிறுவையா? மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிப்பார்களே, அதுபோலத்தான். ஸ்வெட்டரும் சப்பாத்துமாக ஏறி நின்றால் ஒரு கிலோ சும்மா வரும். ஒரே தராசு, மெல்லிய உடுப்பு, வெறுங்கால். மாத்திரையின் எண்ணிக்கையே எடையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது, அதனால் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் நிறுக்கச் சொல்லுங்கள்.

ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. கௌபி, கடலை, நெத்தலி, முட்டை சேருங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மீன் நல்லதுதான், ஆனால் மலைக்கு வந்துசேர்வதற்குள் பழசாகிவிட்ட பலயா, கெலவல்லா போன்ற சூரை வகை மீன்கள் வேண்டாம். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையோடு அவை சேர்ந்தால் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். இலங்கை வைத்தியர்கள் 1970களிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது இரண்டாம் மாத முடிவில் எடுக்கும் சளிப் பரிசோதனைதான். இருமல் குறைந்ததும் "சளியே வரவில்லை" என்று சொல்லி வெறும் எச்சிலைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். விடிந்ததும் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, வயிற்றிலிருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள். லயத்துக்குள் வேண்டாம், வெளியே காற்றோட்டமான இடத்தில். அதில் இன்னும் கிருமி தெரிந்தால், மருந்துக்கு அடங்காத வகையா என்று கிளினிக்கிலேயே அடுத்த சோதனை செய்வார்கள். மருந்தை மாற்றுவதைப் பற்றி அப்போது பேசலாம். கிருமி இல்லை என்று வந்து, எடையும் நன்றாக ஏறினாலும் ஆறு மாதம் முடியும் வரை மாத்திரையை விடக்கூடாது.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் சாயம், அதற்குப் பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளை மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் சோறே இறங்காவிட்டாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த திகதி வரை காத்திருக்க வேண்டாம்.