நீர்மூழ்கியில் ஓடுகிற இன்ஜின் காரில் ஏன் இல்லை?

கேள்வி: சுழல் இன்ஜின், ஸ்டெர்லிங் இன்ஜின், டர்பைன் கார் என்று எத்தனையோ கண்டுபிடித்தார்கள். எதுவும் நம் கார்களுக்கு வரவில்லையே ஐயா? எண்ணெய்க் கம்பெனிகள்தான் அமுக்கிவிட்டன என்று என் மச்சான் அடித்துச் சொல்கிறார். (வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: உங்கள் மச்சானுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. 1963 முதல் 1966 வரை அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் டர்பைன் இன்ஜின் (சூடான வாயு விசிறியைச் சுற்றும் இன்ஜின்) வைத்த 50 கார்களைச் சாதாரண மக்களிடம் கொடுத்து, ஆளுக்கு மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கச் சொன்னது. டீசல், மண்ணெண்ணெய் எதை ஊற்றினாலும் ஓடியது. கடைசியில் பெரும்பாலான கார்களைத் திரும்ப வாங்கி நொறுக்கிவிட்டார்கள். கேட்பவருக்கு ஏதோ சதி என்றுதானே தோன்றும்? ஆனால் அந்த இன்ஜின் சிவப்பு விளக்கில் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும், அதாவது நிற்கிற நேரமெல்லாம் எரிபொருளைக் குடிக்கும், அப்புறம் பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே கிளம்பாமல் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர் போகும் காஸ்வே நெரிசலில் அதை ஓட்டுவதாக நினைத்துப் பாருங்கள்.

சுழல் இன்ஜின் கதை வேறு. காக்கி புக்கிட்டில் நண்பரின் பட்டறையில் ஒருமுறை அதைப் பிரித்து மேசைமேல் வைத்திருந்தார். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. மூன்று முனை உள்ள ஒரு கனத்த ரோட்டர், முனைக்கு ஒன்றாக விரல் நீளத்தில் மெல்லிய உலோகப் பட்டை. அந்தப் பட்டைதான் சீல். உள்சுவரை உரசிக்கொண்டே ஓடி, எரிகிற வாயு பக்கத்து அறைக்குக் கசியாமல் தடுக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தேன், ஒரு ஓரம் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. "இது போனால் மொத்தத்தையும் இறக்கணும்" என்றார் நண்பர். 1967இல் ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியிலிருந்து இந்த இன்ஜினோடு ரோ 80 கார் வந்து, மறு வருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்கியது. ஆனால் சீல் தேய்ந்து தேய்ந்து, உத்தரவாதத்தில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி நொந்துபோனது. ஜப்பானின் மாஸ்டா கம்பெனி விடவில்லை. உள்சுவரில் விழுந்த கோடுகளுக்குப் 'பேயின் நகக் கீறல்' என்று பெயர் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் போராடி அதைச் சரிசெய்தார்கள். 1991இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தையே அந்த இன்ஜினால் ஜெயித்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. இருந்தும் எரியும் அறை நீளமாகவும் சப்பையாகவும் இருப்பதால் பெட்ரோல் முழுசாக எரியாது, சீலுக்காகச் சொட்டுச் சொட்டாக எண்ணெயையும் உள்ளே விட வேண்டும். புகைக் கட்டுப்பாடுகள் இறுக இறுக, 2012இல் மாஸ்டாவின் சுழல் இன்ஜின் கார் ஆர்எக்ஸ்-8 உற்பத்தி நின்றது.

ஸ்டெர்லிங் 1816இலேயே காப்புரிமை பெற்ற இன்ஜின். வெடிப்பே இல்லை, வெளியே நெருப்பு, உள்ளே அடைத்த வாயு சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கி பிஸ்டனைத் தள்ளும். ரொம்ப அமைதி. 1970களில் ஃபோர்டு அதைக் காரில் வைத்துச் சோதித்தும் பார்த்தது. ஆனால் சூடு உலோகச் சுவரைத் தாண்டி உள்ளே போக நேரம் பிடிக்கும், அதனால் மிதித்தவுடன் வேகம் வராது. குளிர வைக்க ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும்.

சரி, அப்படியானால் அது தோற்ற இன்ஜினா? இல்லை. நம் சிங்கப்பூர்க் கடற்படையின் ஆர்ச்சர் ரக நீர்மூழ்கிகளில் இருப்பது அதுதான். சுவீடனிலிருந்து வந்த கப்பல்கள், 2011இலும் 2013இலும் சேவையில் சேர்ந்தன. நீருக்கடியில் ஒரே சீரான வேகத்தில் மணிக்கணக்காக ஓடி பேட்டரியை நிரப்பினால் போதும், சத்தம் வரக்கூடாது, குளிர வைக்கக் கடலே சுற்றிலும் இருக்கிறது. அதற்கென்றே செய்தது போல! மாஸ்டாவும் 2023இல் சுழல் இன்ஜினைத் திரும்பக் கொண்டுவந்தது, சக்கரத்தைச் சுற்ற அல்ல, மின்காரில் ஜெனரேட்டர் ஓட்ட.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். கார்தான் ரொம்பக் கடினமான முதலாளி. நிற்க வேண்டும், பாய வேண்டும், குளிர்ந்து கிடந்தாலும் சாவியைத் திருப்பியதும் எழ வேண்டும், எந்தப் பட்டறைக்காரருக்கும் புரிய வேண்டும். நம் ஊரில் கூடுதலாக ஒன்று: 2023 அக்டோபரில் சிறிய காரை வைத்திருக்க வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அதைக் கட்டிவிட்டுப் பத்து வருடத்துக்குப் பரிசோதனை இன்ஜினோடு மல்லுக்கட்ட யாருக்கு மனசு வரும்?

கேள்வி: தண்ணீரில் ஓடும் கார் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறதே? (வாசகர், ஈசூன்)

பதில்: நம்பாதீர்கள், பணம் எதுவும் அனுப்பாதீர்கள். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதைத் திரும்பப் பிரிக்கச் செலவாகும் சக்தி, எரித்துக் கிடைப்பதைவிட எப்போதும் அதிகம்.

கேள்வி: அப்படியானால் ஹைட்ரஜன் கார் வாங்கலாமா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: எங்கே போய் நிரப்புவீர்கள் அம்மா? 2024இல் சேவைக்கு வந்த நம் இன்வின்சிபிள் ரக நீர்மூழ்கிகள் ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தை (ஹைட்ரஜனை எரிக்காமல் நேரே மின்சாரமாக்கும் கருவி) பயன்படுத்துகின்றன. அவற்றுக்குக் கடற்படைத் தளத்தில் வசதி இருந்தால் போதும். உங்களுக்குத் தீவு முழுக்க வேண்டும். மின்காருக்கோ 2030க்குள் 60,000 சார்ஜ் முனைகள் வைப்பது அரசாங்கத்தின் இலக்கு. உங்கள் புளோக் கார்ப்பேட்டையில் வந்துவிட்டதா என்று முதலில் இறங்கிப் பாருங்கள்.