பயிற்சியில் கோல் அடிக்கும் 17 வயது வீரருக்குப் போட்டியில் ஏன் பந்து கிடைப்பதில்லை?

உங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதிதாக வந்த 17 வயது வீரர் பயிற்சியில் நன்றாகக் கோல் அடிக்கிறார், போட்டியில் பந்தைத் தொடுவதே அரிது, அவரை எந்த இடத்தில் ஆடவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதும் மூத்த முன்கள வீரர் ஒருவரை நம்பியே பல காலம் ஆடிப் பழகிய அணி என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இடத்தை மாற்றுவதற்கு முன், அவருக்குப் பந்து எந்த வழியால் போகிறது என்று பாருங்கள்.

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமக் கழகம் ஒன்றுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து எங்களிடம் வந்த தம்பி ஒருவர் கடற்கரை மணலில் ஆடி வளர்ந்தவர். மணலில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்கள் மைதானமோ கோடையில் காய்ந்து இறுகிய செம்மண். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பின்களத்திலிருந்து காற்றோடு தூக்கி அடிக்கும் பந்து, ஒருமுறை குத்தி எழும்பி, எதிரணிக் கோல் காப்பாளரின் கைக்கே போய்ச் சேரும். தம்பி ஓடி ஓடிக் களைத்ததுதான் மிச்சம்.

ஆகவே பந்து முதலில் மூத்தவரின் காலுக்குப் போக வேண்டும் என்று ஒழுங்கு செய்தோம். அவர் கோலுக்கு முதுகு காட்டி நின்று, தடுப்பவரை உடம்பால் மறித்து, ஒரே தொடுகையில் பக்கவாட்டில் தட்டிவிட, தம்பி அவருக்குச் சில கெஜம் பின்னாலிருந்து பாய்ந்து வருவார். பந்து காலை விட்டுப் புறப்படும் கணத்தில் யார் எங்கே நின்றார் என்பதை வைத்தே ஓப்சைட் (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்கூட்டியே கோல் பக்கம் நிற்கும் தவறு) தீர்மானிக்கப்படுவதால், பின்னாலிருந்து வருபவர் அதில் அகப்படுவது குறைவு. கையால் எறியும் பந்துக்கு ஓப்சைட் இல்லை என்பதையும் உங்கள் வீரருக்குச் சொல்லிவையுங்கள். தொடக்கத்தில் எங்கள் தம்பி கூச்சத்தால் பந்து கேட்கவே மாட்டார். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் காட்டச் சொன்னேன். பிறகு “அண்ணை, இதிலை போடுங்கோ” என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

கிராமத்துச் சுற்றுப்போட்டிக்கு உலகக் கிண்ணத்தை இழுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம்; தர வேறுபாடு எனக்கும் தெரியும். ஆனாலும் 2018இல் கிண்ணம் வென்ற பிரான்ஸ் அணியின் நடு முன்கள வீரர் ஒலிவியே ஜிரூ தொடர் முழுவதும் ஒரு கோலும் அடிக்கவில்லை. 19 வயதான கிலியன் எம்பாப்பே 4 கோல்கள் அடித்தார். ஜிரூ தடுப்பாளர்களைத் தன்னோடு கட்டி வைத்திருந்ததால்தான் வலப்புறத்திலிருந்து பாய்ந்த இளையவருக்கு வெளி கிடைத்தது. உங்கள் மூத்த வீரரிடம் இதைத் தனியாக, மரியாதையோடு, போட்டிக்கு முன்பே பேசுங்கள்.

எனக்கு ஆறாத மனக்குறை ஒன்றும் உண்டு. இளையவர் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டதும் “ஆளை மாத்து” என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் நிர்வாகத்தினர், அதே வாய்ப்பை மூத்தவர் தவறவிட்டால் தரையைக் குறை சொல்கிறார்கள். இதனால் ஆட்டத்தையே விட்டுப்போன பிள்ளைகளை நான் அறிவேன். உங்கள் இளையவரை இறக்கினால் அந்தப் பாதி முடியும்வரை வெளியே எடுக்காதீர்கள்.

மாரி தொடங்கித் தரை இளகிய பிறகு நீண்ட பந்து ஓரளவு நின்று கொடுக்கும். அதுவரை பின்களத்தவர்கள் பந்தைத் தூக்கி அடிப்பதைக் கண்டிப்பாக நிறுத்திவையுங்கள்.